கடித்துக் கொடுத்த ரொட்டி

ஊர் மூன்று நாளாகப் பற்றி எரிகிறது, எங்கள் நாட்டுத் தலைவர் ஹொகிம்ஷோவுக்கு ஆட்டுச் சூப்பில் கொத்தமல்லி போதவில்லை. கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார். அவர் மாளிகையின் சமையற்காரி நான், சவ்ரி. பதினோரு வருடம் அந்த ஆளுக்குப் பொங்கிப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளவே இப்போது கூசுகிறது.

மலைக்காரர்களும் சமவெளிக்காரர்களும் சதுக்கத்தில் எதிரெதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தபோதே நேரில் போய் நாலு வார்த்தை பேசியிருந்தால் அடங்கியிருக்கும். இவரோ இந்தப் பக்கம் ஒரு தூது, அந்தப் பக்கம் ஒரு தூது அனுப்பி இரண்டு பக்கமும் கொளுத்திவிட்டார். முதல் குண்டு வெடித்த அன்று தொலைக்காட்சியில் பேசினார். அதை மாளிகைச் சாப்பாட்டு அறையில்தான் படம்பிடித்தார்கள். எந்த மேலங்கியில் முகம் அதிகத் துயரமாகத் தெரிகிறது என்று மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து, என் கடைசி மூச்சு இந்த மண்ணில்தான், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் வாருங்கள் என்றார். விளக்கை அணைத்ததும் தேநீர் ஆறிவிட்டதென்று என் மேல் எரிந்து விழுந்தார்.

அந்தப் பேச்சை நம்பி என் மகன் மெஹ்ரோஜ் மறுநாள் காலையில் கிளம்பிவிட்டான். பத்தொன்பது வயது. "தலைவரே ஓடாம நிக்கிறாரு, நான் வீட்ல குந்திக்கிட்டிருந்தா அசிங்கம்மா" என்றான். அழுது பார்த்தேன், கேட்கவில்லை. எங்கள் வழக்கப்படி வெளியூர் போகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டிலிருப்பவர்கள் சுவரில் மாட்டி வைப்போம். அவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். மெஹ்ரோஜும் கடித்தான், நானும் ஆணியில் மாட்டினேன். ஆற்றுப் பாலத்தில் ஏழு பையன்களோடு அவனைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

சூப்பைத் திருப்பி அனுப்பிய அதே மதியம், சூடாக நாலு ரொட்டி வேண்டும் என்று ஆள் வந்தான். கொண்டுபோனால் கூடம் முழுக்கப் பெட்டிகள். தலைவரின் மனைவியும் இரண்டு மகள்களும் ஆளுக்கொரு ரொட்டியில் ஒரு வாய் கடித்தார்கள். கடைசியாக அவரும் கடித்தார். அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் விரல் போகிற சந்து; சுவரொட்டி பார்த்த குழந்தைக்குக்கூட அது தெரியும். கடித்த இடத்தில் அந்தச் சந்து அப்படியே பதிந்திருந்தது.

"பத்திரமா மாட்டி வை, சவ்ரி. வந்து சாப்பிடுவேன்."

நாட்டை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடுகிறவருக்குச் சாங்கியம் மட்டும் குறையக் கூடாது. மாட்டி வைக்க வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை, அதனால் சமையற்காரி தலையில் விழுந்தது.

"ஐயா, எம்மவன் பாலத்துல நிக்கிறான். நீங்களே கெளம்புறீங்க, அவனயும் வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும். விமான நிலையத்துக்கு அந்த வழி ஒண்ணுதான் இருக்கு."

அவர் ரொட்டியை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். கம்பளங்களைக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் எனக்கு நேரம் கிடைத்தது.

பாலத்தில் பையன்களுக்குத் தலைவன் தில்ஷோத், எங்கள் தெருக்காரன். இங்கே வரக்கூடாது சித்தி என்று என்னை விரட்டப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எதிரிகள் கிளப்பிய புரளி என்று என் மகனே என்னிடம் கோபித்துக்கொண்டான். நான் துணியைப் பிரித்தேன்.

தில்ஷோத் ரொட்டியை வாங்கிக் கடித்த இடத்திலிருந்த பல் சந்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு மற்றவர்களிடம் நீட்டினான்.

"அப்ப நாம நாட்டுக்குக் காவல் நிக்கல. இந்தாளு ஓடுற வழிக்கு நிக்கிறோம்."

அதற்குள் மூன்று கறுப்பு வண்டிகள் வந்துவிட்டன. பையன்கள் சாலையில் நின்றிருந்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. முன் வண்டியின் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. எல்லைக் காவலைப் பார்வையிடப் போகிறேன் பிள்ளைகளா என்றார் தலைவர், வண்டிக் கூரைமேல் கம்பளம் கட்டியிருக்க. நான் அந்த இடுக்கு வழியாக ரொட்டியை அவர் மடியில் தள்ளினேன்.

"இத நீங்களே எடுத்துட்டுப் போங்கய்யா. எங்க செவுத்துல இதுக்கு எடமில்ல."

கடித்த ரொட்டியைக் கடித்தவன் கையிலேயே திருப்பிக் கொடுப்பது, திரும்பி வராதே என்று முகத்துக்கு நேரே சொல்வது. பரம விரோதிக்குக்கூட எங்களில் யாரும் செய்வதில்லை. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று நாளில் முதல்முறையாகத் தலைவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன், அதுவும் நாட்டுக்காக இல்லை.

தில்ஷோத் வழிவிடச் சொன்னான். வண்டிகள் போயின, ஒருவனும் சலாம் வைக்கவில்லை. துப்பாக்கிகளை ஆற்றில் போட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

சண்டை அதோடு நின்றுவிடவில்லை. மறு வருடம் தில்ஷோத்தை அவன் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள். ஆனால் பாலத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் என் மகன் ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்துத் தேநீரில் நனைத்துத் தின்றான்.

"கல்லு மாதிரி இருக்கும்மா, பல்லு வலிக்குது."

"வலிக்கட்டும். ஒரு துண்டு விடாம தின்னு."