பார்க்காத வேலைக்குப் போட்ட டிக்

“கொலைகாரனுக்குக் கால் கழுவி விடுறியே, உனக்கு வெட்கமா இல்லையாம்மா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். மூத்த ஆயா அப்போது வெட்கப்படவில்லை. சோறு போடுகிற வேலை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சிறையின் கடைசி வார்டில் மூத்திர வாடையும் பினாயிலும் சேர்ந்து கண்ணைக் கரித்தன. பன்னிரண்டு கட்டில்கள், அங்கேயே செத்துப்போக வேண்டிய கிழக் கைதிகள். ஆயாக்கள் மூன்றே பேர்: அவள், நெட்டை, போன மாதம் சேர்ந்த புதுசு. படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைத்து, சுவர் அட்டையில் டிக் போட வேண்டும். இடுப்பு ஒடிந்தாலும் மூன்று பேரால் ஆகாது. அதனால் விடியும்போதே நாள் முழுவதற்கும் டிக் போட்டுவிடுவார்கள்.

அன்று தச்சரைப் புரட்டினாள். சிறைக்கு மேசை நாற்காலி செய்தே முப்பது வருஷம் கழித்தவர். ஒரு கால் இன்னும் சங்கிலியில். விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் வெள்ளையாக எலும்பு.

“லேசா எரியுதும்மா, அவ்வளவுதான்” என்றார் அவர், ஆறுதல் சொல்வதுபோல.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அட்டையில் அவள் போட்ட டிக்குகள் வரிசை பிசகாமல் நின்றன.

ஒன்பது மணிக்கு ஆயாக்களை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர் வந்தார். நேற்றைய அட்டையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நாளையிலிருந்து இரண்டு பேர் போதும், புதுசு வர வேண்டாம் என்றார். ஆள் பத்தாது என்று நெட்டை முனகினாள்.

“பத்தாதா? ஒரு டிக் விடாம முடிச்சிருக்கீங்க. அட்டை பொய் சொல்லுதா?”

வாயை மூடிக்கொண்டிருந்தால் மூத்த ஆயாவின் வேலை பத்திரம்.

“பொய்தான் சார். நான் போட்ட பொய். தச்சர் முதுகைப் பாருங்க.”

“இதுக்கு உன்னையே வீட்டுக்கு அனுப்பலாம், தெரியும்ல?”

“தெரியும். இனிமே புரட்டாம டிக் போட மாட்டேன். ஆறு பேர் வேணும். இவருக்கு இப்பவே டாக்டர் வேணும்.”

“அதுல பாதி என் கை போட்டது” என்றாள் நெட்டை.

“என்னுதும் இருக்கு” என்றாள் புதுசு. “மூணு பேரையும் அனுப்பிட்டு நீங்களே வந்து புரட்டுங்க சார். உங்களுக்கு இடுப்பு புதுசாத்தானே இருக்கு.”

ஏதோ ஒரு கட்டிலில் சிரிப்பு கிளம்பி இருமலாக முடிந்தது.

காண்ட்ராக்டர் தச்சரின் முதுகைப் பார்த்தார். சட்டென்று பார்வையை விலக்கினார். மூன்று பெண்களும் கட்டிலைச் சுற்றி நின்று, ஒரே மூச்சில் கிழவரைத் தூக்கினார்கள். காண்ட்ராக்டர், புதுசின் பெயரை அடிக்க எடுத்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியேறினார்.