லேத்துக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு லேத் மெசினைத் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்று சரோஜினிதேவி டெலிபோனில் சொன்னபோதே பாக்கியராசா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? டென்மார்க்கில் இந்த ஹேர்னிங் நகரத்தில் அன்றைக்கு இருந்த தமிழருக்கெல்லாம் அவளுடைய புருசன் குணசேகரம்தான் வாய், காது, மூளை எல்லாம். முதலாவதாக வந்தவர். டேனிஷ் கதைப்பார். சங்கத் தலைவர். கொம்மூன் என்கிற நகரசபைக் கந்தோரில் கையெழுத்து வைக்கப் போனாலும் அவர், பல்லுப் பிடுங்கப் போனாலும் அவர். அந்த மனுசனுடைய மனைவி, பூசைச் சாமானோடு வருகிறேன் என்றால், வராதே என்று எந்த வாயால் சொல்வது?

பாக்கியராசா திருகோணமலையில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டினவன். இங்கே அகதியாக வந்து ஒரு பின்னல் உடுப்புத் தொழிற்சாலையில் நூல் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான், அதுவும் கூப்பிட்டால் மட்டும். மனைவி தவமலரும் மகள் ஷர்மினியும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் கிடந்தார்கள். அவன் வெளிக்கிடும்போது தவழ்ந்த பிள்ளை இப்போது லொட்ஜ்காரரின் பிள்ளைகளோடு சிங்களம் பேசுகிறாளாம். அவர்களைக் கூப்பிட அவன் போட்ட விண்ணப்பம் எண்பத்தேழாம் ஆண்டே கொப்பன்ஹேகனுக்குப் போய்விட்டது. இது எண்பத்தெட்டு ஐப்பசி. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டாலும் ஒரு சத்தம் கேட்கும். இதற்கு அதுவும் இல்லை.

“உன்னட்டை ஒழுங்கான வேலை இல்லை, தம்பி,” என்று குணசேகரம் போன வருசமே சொல்லியிருந்தார். “நூல் பெட்டி தூக்கிற ஆளின்ர பெண்சாதியை அவங்கள் ஏன் கூப்பிடப் போறாங்கள்? நிரந்தர வேலை ஒண்டை எடு. அடுத்த மாசமே விசா வரும். இதைப் பற்றி வெளியில ஒருத்தரோடையும் கதையாதை. மானக்கேடு.”

பாக்கியராசா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நகரத்துக்கு வெளியே இரும்புப் பாகங்கள் கடையும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் போர்மன் போல் என்கிற டேனிஷ்காரன், கையால் ஓட்டுகிற லேத் எல்லாம் முடிந்த கதை, கொம்பியூட்டர் லேத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றுவிட்டான். கொம்பியூட்டர் லேத்தைப் பாக்கியராசா எங்கே போய்ப் பழகுவது? சரி, நானே ஒன்று செய்கிறேன் என்று இறங்கினான். விசர்தான். ஆனால் பெண்டாட்டி பிள்ளையை நினைத்துக்கொண்டு இருக்கிறவனுக்கு விசர் பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்?

மூடிப்போன டிராக்டர் பட்டறை ஒன்றிலிருந்து துருப்பிடித்த லேத் ஒன்று கிடைத்தது. அதை வாடகைக் கராச்சுக்குள் இறக்கினான். கத்தியை முன்னே பின்னே நகர்த்துகிற கைச்சக்கரங்களைக் கழற்றி எறிந்தான். தொழிற்சாலை குப்பையில் போட்ட பின்னல் மெசின்களில் இருந்து, கரண்ட் ஒரு தரம் தட்டினால் ஒரு சின்ன அடி மட்டும் திரும்புகிற மோட்டர்களைக் கழற்றி வந்து பூட்டினான். பழைய திருகாணித் தண்டில் ஆட்டம் இருந்தது. கொம்பியூட்டர் நகரு என்று சொல்லும், தண்டு திரும்பும், கத்தி அப்படியே நிற்கும். அந்த ஆட்டத்தை எடுக்க முழுக் குளிர்காலமும் போனது. விரல் விறைத்து, நகம் கறுத்து, ஊரில் உள்ள கெட்ட வார்த்தை எல்லாம் அந்த லேத்துக்குத்தான் விழுந்தது. யாரோ பிள்ளைகள் விளையாடிவிட்டு விற்ற கொமடோர் கொம்பியூட்டர் ஒன்றை ஸ்டூலில் வைத்து, புத்தகம் பார்த்து, ஒரு வரி எழுதி ஒரு வரி அழித்து, கடைசியில் அது சொல்லக் கத்தி கேட்டது. அலுமினியக் கட்டை ஒன்றைத் தானாகக் கடைந்து அழகான கூம்பாக்கிப் போட்ட அன்றைக்குப் பாக்கியராசா கராச்சுக்குள் தனியே நின்று அழுதான். பிறகு போலிடம் போய், சனிக்கிழமை வந்து பார் என்றான். போலும் சரி என்றான்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் சரோஜினிதேவி, ஆயுத பூசை கழிந்து சில நாள் பிந்தினாலும் பரவாயில்லை, பூசை இல்லாமல் மெசினைத் தொடக்கூடாது என்று நின்றாள்.

குணசேகரமும் அவளும் விடிந்த கையோடு வந்துவிட்டார்கள். பாக்கியராசா கத்தி பூட்டிய வண்டிலை, கட்டையைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கின் அருகே தள்ளிவிட்டு, வண்டில் ஓடுகிற படுக்கை முழுவதும் எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தான். வண்டிலைத் திருப்பிப் பின்னுக்கு வைக்க அவன் யோசிக்கவில்லை. மெசின் தொடங்கியதும் வண்டில் தானாகப் பின்னுக்குப் போய்த் தன் வீட்டைத் தேடிக்கொள்ளும். படுக்கையின் பின் மூலையில் நகமளவு கறுப்புக் கவை ஒன்று, அதற்குள் ஒரு வெளிச்சக் கண். வண்டிலில் உள்ள தகடு வந்து அந்த வெளிச்சத்தை மறைத்தால், இதுதான் வீடு, இங்கேயிருந்து எண்ணு என்று கொம்பியூட்டருக்கு விளங்கும். இதுதான் மெசினுக்குக் கண் என்று சரோஜினிதேவிக்கும் காட்டிச் சொன்னான்.

“எல்லா இடமும் வைக்கோணும்,” என்று சரோஜினிதேவி மோட்டருக்கு, பெல்டுக்கு, கொம்பியூட்டருக்கு, ஸ்டூல் காலுக்கு என்று சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு போனாள். பாக்கியராசா கற்பூரப் புகையைக் கொம்பியூட்டரில் படாமல் கையால் விசிறிக்கொண்டு நின்றான்.

போல் வந்தான். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றார்கள். பூசை வடையைச் சாப்பிட்டுக்கொண்டே மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பாக்கியராசா கட்டையைப் பூட்டி, கொம்பியூட்டரில் விசையைத் தட்டினான்.

வண்டில் பின்னுக்குப் போகவில்லை. ஒரு கணம் நின்றது. பிறகு முன்னுக்கு, சுழலுகிற சக்கை நோக்கி விறுவிறென்று போனது. அவன் பாய்ந்து கரண்டை நிறுத்த முன்னமே கத்தி சக்கின் பல்லில் போய் இடித்து முறிந்து பறந்தது. மோட்டரைத் தாங்கிய தகடு வெடித்தது. கராச் முழுவதும் அதிர்ந்தது, சரோஜினிதேவி “ஐயோ முருகா!” என்று கத்தினாள்.

பாக்கியராசா குனிந்து பின் மூலையைப் பார்த்தான். வெளிச்சக் கண்ணுக்கு வடிவாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். கண் மூடிக் கிடந்தால் மெசின் என்ன நினைக்கும்? நான் ஏற்கெனவே வீட்டில்தான் நிற்கிறேன் என்று நினைக்கும். சக்கின் வாசலில் நின்றுகொண்டு வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது பாவி.

“அக்கா,” என்றான். “இதுக்கு ஏனக்கா பொட்டு வைச்சனியள்?”

“அது கண்ணெண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள். கண்ணுக்கு வைக்காமல் விடேலுமே?”

அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் குணசேகரம் சும்மா இருந்தாரா? இல்லை. வேட்டியை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

“அவவில பிழை பிடியாதை. நீயெல்லோ பாத்திருக்கோணும். இப்பிடித்தான் எல்லாத்திலையும் கவனமில்லை உனக்கு. அந்த விண்ணப்பத்திலையும் எங்கையோ ஒரு பிழை விட்டிருப்பாய்.”

பாக்கியராசாவுக்குத் தலைக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது. ஆனாலும் போல் நிற்கிறான், வேலை போய்விடும், வேலை போனால் தவமலர் போய்விடுவாள். குனிந்து முறிந்த கத்தித் துண்டுகளைப் பொறுக்கினான்.

போல் அந்தக் கண்ணைக் கைக்குட்டையால் துடைத்தான். முறிந்த தகட்டைத் தூக்கிப் பார்த்தான். பின்னல் மெசின் மோட்டரா என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். எங்கள் பட்டறையில் இதைவிட மோசமாக உடைத்தவர்கள் இருக்கிறார்கள், தகட்டைத் தடிப்பாக வெட்டிப் போடு, திங்கட்கிழமை வேலைக்கு வா என்றான்.

பாக்கியராசா அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தெரிந்த டேனிஷை எல்லாம் கூட்டி அள்ளி, வேலை கொடுத்ததற்கு இன்றைக்கே ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டான். கொப்பன்ஹேகனுக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் மனைவியை விடுவார்கள்.

போலுக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னான். பிறகு, “உன் மனைவிக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டான். “நீ அகதி என்று ஏற்றிருக்கிறார்கள்தானே? அது போதும். எங்கள் பட்டறையில் ஓர் ஈரான்காரன் இருக்கிறான். அவன் வேலை இல்லாமல் உதவிப் பணத்தில் இருக்கும்போதே மனைவி வந்துவிட்டாள். சட்டம் அப்படித்தான். உனக்கு யார் இதைச் சொன்னது?”

பாக்கியராசா திரும்பிக் குணசேகரத்தைப் பார்த்தான். அவர் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். டேனிஷ் விளங்காத ஆள் இல்லையே அவர்!

இரண்டு பேருடைய முகமும் ஒரு மாதிரிப் போனதைக் கண்டதும் போல் திங்கட்கிழமை சந்திப்போம் என்று வெளியே போய்விட்டான்.

“அண்ணை,” என்றான் பாக்கியராசா. “சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல?”

“வேலை இருந்தால் விசா வரும் எண்டு என்னை ஏன் பேய்க்காட்டினனீங்கள்?”

குணசேகரம் கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு கத்தினார். “ஓம், தெரியும்! வேலையும் காரணமில்லை, பிழையும் காரணமில்லை. தமிழற்றை விண்ணப்பம் ஒண்டையும் கொப்பன்ஹேகனில அவங்கள் தொடுறேல்லை. எல்லாத்தையும் அப்பிடியே அடுக்கி வைச்சிருக்கிறாங்களாம். அகதியளுக்கு உதவி செய்யிற ஆக்கள் போன வருசமே என்னட்டைச் சொன்னவை.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும்தான்! நான் அதைச் சொல்ல, நீங்கள் கொடி பிடிச்சுக்கொண்டு ரோட்டில இறங்க, ஊரில சமாதானம் வந்திட்டுது போங்கோ எண்டு முழுப்பேரையும் பிளேனில ஏத்தி அனுப்பினாங்கள் எண்டால்? ஆர் பொறுப்பு? ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு வேலையைக் குடுத்தன், அதில கிடந்து முறிஞ்சு சத்தமில்லாமல் இருக்கட்டும் எண்டு.”

“உங்கட மனிசி பிள்ளையள் இதுக்கு முதலே வந்திட்டினம்,” என்றான் பாக்கியராசா. “அதாலதான் அண்ணை உங்களுக்கு இவ்வளவு பொறுமை!”

மெசினில் கிடந்த முறிந்த தகட்டைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டு விழுந்தது. குணசேகரத்தின் மேல் எறியவில்லை, எறிய நினைத்தான் என்பது உண்மை. சரோஜினிதேவி இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்று, புருசனின் முகத்தைப் பார்த்து, “இதை எனக்கும் சொல்லேல்லையே நீங்கள்,” என்றாள். பிறகு பூசைத் தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்க் காரில் ஏறினாள்.

ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு வேலை என்றால்? அதே தெருவில் நாலு வீடு தள்ளித் தேவராசா இருந்தான். மனைவிக்கு ஊரில் தாயைப் பார்க்கிற வேலை, அதுதான் அவள் வரப் பிந்துகிறது என்று சங்கத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்லுகிறவன். பாக்கியராசா எண்ணெய்க் கையோடு போய் அவனுடைய கதவை உடைக்கிற மாதிரித் தட்டினான்.

“குணசேகரம் உனக்கு என்ன வேலை தந்தவர்?” என்று கேட்டான்.

தேவராசா முதலில் முழித்தான். பிறகு அவனுடைய முகம் மெல்ல மெல்ல இறங்கியது. மேசையில் டேனிஷ் இலக்கணப் புத்தகமும் சொல் எழுதிய துண்டுகளும் பரவிக் கிடந்தன. “பாஷைச் சோதினை பாஸ் பண்ணினால் அவ வருவா எண்டார்,” என்றான். “ரெண்டு தரம் பெயில் விட்டிட்டன். எனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன், மச்சான்.” அவன் துண்டுகளை அள்ளிக் கசக்கினான். வயது வந்த இரண்டு ஆம்பிளைகள், ஒரே தெருவில், ஒரே நோவை ஒரு வருசத்துக்கு மேலாக ஆளுக்காள் ஒளித்து வைத்திருந்தார்கள். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பாக்கியராசா அங்கேயிருந்தே கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு டெலிபோன் எடுத்தான். மனேச்சர் கூப்பிட்டுவிட, தவமலர் மூச்சிரைக்க வந்தாள். அங்கே ஊரடங்குக்கு முன்னே கடைகள் பூட்டுகிற சத்தம் கேட்டது.

“தவம், எங்கட பிழை இல்லையடி!” என்று கத்தினான். “ஒரு பிழையும் இல்லை. வேலையும் காரணமில்லை, பேப்பரும் காரணமில்லை. தமிழர் எல்லாரையும்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். குணசேகரம் தெரிஞ்சுகொண்டே எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார். தேவராசாவின்ர மனிசிக்கும் இன்னும் வரேல்லையாம், இண்டைக்குத்தான் தெரியும்.”

லைன் கரகரத்தது, அவன் ஹலோ ஹலோ என்றான்.

“இண்டைக்குத்தான் தெரியுமோ?” என்றாள் தவமலர்.

“ஓம்.”

“தேவராசாவின்ர மனிசி இஞ்ச மேல் மாடியிலதான் இருக்கிறா. வந்த நாள் துவக்கம் ரெண்டு பேரும் ஒரு அடுப்பிலதான் சமைக்கிறம். டென்மார்க்குக்குப் போக இருக்கிற அக்கா ஒராள் மேல இருக்கிறா எண்டு உங்களுக்கு எழுதினனான். ஆரெண்டு ஒருக்காவாவது கேட்டனீங்களே?”

“தவம்...”

“பொலிஸ்காரன் விடியக் கதவைத் தட்டினால் பிள்ளை பாயோட மூத்திரம் போறாள். அப்பவும் நாங்கள் ரெண்டு பேரும் என்ன கதைக்கிறம் தெரியுமே? எங்கட ரெண்டு பேற்றை மனுசரும் ஒரே தெருவில இருக்கினம், சேர்ந்து எங்கையெங்கையோ போய்க் கேட்டுக்கொண்டு இருப்பினம் எண்டு. அதை நம்பித்தான் இஞ்ச கிடந்தம்.” ஆத்திரத்தில் அவள் கத்தினாள். “நீங்கள் ஆளையாள் கூடக் கேக்கேல்லை!”

அவன், வெட்கமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தான். லேத் செய்தேன் என்றும் சொல்ல வந்தது. இரண்டையும் சொல்லவில்லை.

“போனை வையுங்கோ,” என்றாள். “வைச்சிட்டுப் போய் மற்றத் தமிழற்றை வீட்டுக் கதவுகளையும் தட்டுங்கோ.”

பாக்கியராசா ரிசீவரை வைத்தான். தேவராசா ஏற்கெனவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தான்.