வளைவில் இறங்குகிறவர்

எட்டு மாதத்துக்கு முன்பு வரை தையல்காரருக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சாவியைத் திருகினால் ஓடும் என்பதுதான். அத்தான் ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தான் மலை மேல் கட்டிய வீட்டில் அக்கா தனியாக நின்றாள். அவளுக்கோ இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் நகரத்து ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் தம்பி கடையை மூடி, தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, பெடல் மிதித்த காலால் அத்தானின் பழைய ஜீப்பை மிதிக்கத் தொடங்கினார்.

வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் மண் பாதை. அது ஒரு வளைவில் முடிந்து தார் ரோடு ஆரம்பிக்கும். வெயில் காலம் முழுக்க ஜீப் முணுமுணுக்காமல் ஏறி இறங்கியது. முதல் மழை பெய்தது, ஜீப் மண் பாதையில் படுத்துவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று பெயர். சின்ன கியர் கம்பியை நாலு என்று போட்ட பக்கம் தள்ளினால், பின் சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்தன; முன் சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன.

மூன்று பட்டறை ஏறி இறங்கினார். முதலாமவன் கிளட்சை மாற்றினான். இரண்டாமவன் கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டு, ஒரு வாரம் கழித்து மூடிக் கொடுத்தான். மூன்றாமவன் வண்டியையே வித்துடுங்க என்றான், வாங்குவதற்கு அவன் மச்சானே தயாராக இருந்தான். எதிரே நிற்கிற ஆளை நாடா வைத்து அளக்காமல் துணியில் கத்தரியை வைக்கும் ஆட்களைத் தையல்காரர் தன் தொழிலில் நிறையப் பார்த்தவர். இருந்தும் இங்கே ஏமாந்தார், ஏனென்றால் இது அவருக்குத் தெரியாத துணி.

போன செவ்வாய்க்கிழமை வண்டி பள்ளத்தில் சிக்கியதில் ஆஸ்பத்திரிக்கே போக முடியவில்லை. இரண்டே நாளில் அக்காவின் முகமும் காலும் வீங்கிவிட்டன. போனில் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை தவறினால் நகரத்தில் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான், மலை வீடு சரிப்பட்டு வராது. வியாழக்கிழமை சாயந்திரம் அக்கா அலமாரித் துணியை எல்லாம் மடித்துப் பெட்டியில் அடுக்கியிருப்பதைத் தம்பி பார்த்தார். அத்தானின் இரண்டு சட்டையும் அதில் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பாதை கொஞ்சம் காய்ந்திருந்ததால் எப்படியோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காவைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தவரிடம் ஆம்புலன்ஸ் டிரைவர்தான் சொன்னார், "பொறுங்கக்கா பட்டறைக்குப் போங்க. ஒண்ணு மட்டும், வேலை முடிஞ்சாலும் சாவியக் கையில தராது. உங்க ரோட்டுலயே உங்கள ஓட்டச் சொல்லி, பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் தரும்."

பெயர்க் காரணம் போனவுடனே விளங்கிவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த மெக்கானிக் அம்மாவுக்கு. இரண்டு ஆள் நுழையக்கூடிய ஆண்பிள்ளை அளவு ஓவரால், கையை நான்கு மடிப்பு மடித்து விட்டிருந்தாள். தையல்காரர் கிளட்ச், கியர் பெட்டி என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தார்.

"பொறுங்கண்ணே. அவங்க என்ன சொன்னாங்கன்னு அப்புறம் கேக்குறேன். நீங்க என்ன பாத்தீங்க? சேத்துல எந்தச் சக்கரம் சுத்துச்சு?"

இத்தனை நாளில் அவரை இப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"பின்னாடி ரெண்டும். முன்னாடி அசையவே இல்லம்மா."

அவள் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்து முன் சக்கரத்தைக் கழுவினாள். நடுவில் மண் அப்பிக் கிடந்த மூடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். உள்ளிருந்து ஒரு சின்னத் திருகு வெளியே வந்தது, கேஸ் அடுப்புத் திருகு போல. ஒரு பக்கம் ஃப்ரீ, ஒரு பக்கம் லாக் என்று எழுதியிருந்தது.

"இத யாரு திருப்புவாங்க?"

"அது திருப்புற சாமானா?"

அவள் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குக் கும்பிடத் தோன்றியது.

"உள்ள கம்பியத் தள்ளினா மட்டும் போதாதுண்ணே. கீழ இறங்கி ரெண்டு பக்கமும் இத லாக்ல வெச்சாத்தான் முன் சக்கரம் இழுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி இறங்கி ஃப்ரீல விடணும், இல்லேன்னா உள்ள முறுக்கிக்கும். கியர்ல ஒரு கோளாறும் இல்ல. முன்னாடி யாரு ஓட்டினாங்க?"

"எங்க அத்தான்."

"மண் ரோடு ஆரம்பிக்கிற எடத்துல அவரு வண்டிய நிறுத்தி இறங்குவாரா?"

தையல்காரர் குனிந்து அந்தத் திருகைத் தொட்டுப் பார்த்தார்.

இறங்காமலா? பத்து வருஷமாக, போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அந்த வளைவில் "ஒரு நிமிஷம்" என்று இறங்குவார். குடும்பமே அவருடைய சிறுநீர்ப்பையைக் கிண்டல் செய்து சிரிக்கும். மரியாதைக்காக எல்லாரும் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அக்கா மூன்று தடவை அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தாள். மூன்று தடவையும் ஒன்றும் இல்லை என்று வந்ததும், அந்த லேப் சரியில்லை என்று லேபை மாற்றினாள். அத்தான் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. விரலை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார். அவர் வளைவில் என்ன செய்தார் என்று ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்காரர் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மெக்கானிக் அம்மா திரும்பி நின்று, இறுகிக் கிடந்த இடது பக்கத் திருகைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினாள். சாவியை மட்டும் அவர் கையில் தராமல் தானே வண்டியில் போட்டாள்.

"வாங்க, உங்க ரோட்டப் பாப்போம்."

வளைவுக்குப் போய்ச் சேரும்போது தூறல் பிடித்துவிட்டது. அவரை இறங்கச் சொல்லி இரண்டு பக்கமும் அவர் கையாலேயே திருப்பச் சொன்னாள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள், சேற்றில் டயர் அகலமாகப் படியுமாம். தார் ரோட்டுக்கு வந்ததும் காலால் மிதிக்கிற பம்பால் ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஏற்றத்தில் பின்பக்கம் லேசாக வழுக்கியதும் அவர் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

"பொறுங்க. மெரட்டினா தோண்டிக்கும். சின்ன கியர்ல அதுபாட்டுக்குப் போகட்டும். இறக்கத்துல பிரேக்க மறந்துடுங்க, இன்ஜினே புடிச்சுக்கும்."

அவர் காலை எடுத்தார். வண்டி ஒரு மூச்சு வாங்கியது. பிறகு முன் சக்கரம் இரண்டும் மண்ணைக் கவ்வி, அவர் மூன்று தடவை மாட்டிக்கொண்ட அதே ஏற்றத்தில் நடை பழகுகிற குழந்தை மாதிரி நிதானமாக ஏறிப் போயின. மேலே போய் நிறுத்தினார். கீழே பார்த்தார். அக்கா இனி எங்கேயும் போக வேண்டாம் என்று நினைத்ததும் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

அவள் அப்போதுதான் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இனி இது உங்களுது" என்றாள். மாற்றிய சாமான் எதுவும் இல்லாததால் கழுவின கூலியும் கிரீஸும்தான் வாங்கிக்கொள்வேன் என்றாள்.

"அது பத்தாது தங்கச்சி. நீ எனக்கு வண்டியக் குடுக்கல, ஒரு வீட்டையே குடுத்திருக்க. அடுத்த வெள்ளிக்கிழமை உனக்குன்னு அளவெடுத்து ஒரு ஓவரால் தைச்சுக் கொண்டாரேன். இந்தத் தோள் உன் தோளே இல்ல, பாத்ததுலேர்ந்து கண்ண உறுத்துது."

அவள் தன் தோளைக் குனிந்து பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தாள். "பாக்கெட் பெருசா வைங்கண்ணே."

அவளைப் பட்டறையில் இறக்கிவிட்டு, அக்காவை ஏற்றிக்கொண்டார். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வளைவில் வண்டியை நிறுத்தினார்.

"ஏன்டா, உனக்குமா?" என்றாள் அக்கா.

அப்போதுதான் சொன்னார். திருகு, மண், கம்பி பிரஷ், அத்தான், எல்லாவற்றையும். அவள் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியே முன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே இல்லையா? மூணு தடவ ஊசி குத்த வெச்சேனேடா."

"நம்மள வீட்டுல கொண்டு சேக்கத்தான் இறங்கியிருக்காருக்கா."

அக்கா கதவைத் திறந்து, ஊசிக் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தூறலிலேயே மெல்ல இறங்கினாள். அதற்குள் இறங்கி வலது பக்கத் திருகை லாக்கில் வைத்துக்கொண்டிருந்தவர், பதறிப்போய் ஓடி வந்தார். அவள் இடது சக்கரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், பத்து வருஷப் பழக்கத்தில் அவர் தன் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, இந்தப் பக்கம் பாருடா," என்றாள் அக்கா, ஈரக் கையால் திருகைப் பிடித்துக்கொண்டு. "நான் சரியாத் திருப்புறேனா, சொல்லு."