பாண்டீஸ்வரி போட்ட பாதை

பாண்டீஸ்வரிக்கு இடுப்பு போனது ஏலத்தோட்டத்தில். கம்பம் மெட்டுக்கு அங்கிட்டு, மழையில் ஊறிய சரிவில், காய் எடுத்த சாக்கோடு வழுக்கி விழுந்தாள். கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். "இனிமே மலையேறுற வேலை ஆகாதும்மா" என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. அழவேண்டியதையெல்லாம் புருஷன் செத்த வருஷமே அழுது தீர்த்திருந்தாள். மிச்சம் இருந்தது ஒரு ஓட்டு வீடு, தேனியில் நர்ஸிங் படிக்கும் மகள் திரிஷா, வீட்டுக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடந்த காலி இடம். அவ்வளவுதான்.

அந்த இடத்தின் மேல் அவள் கொழுந்தன் பேச்சிமுத்துவுக்கு ரொம்ப நாளாகக் கண். அண்ணன் எப்போ சாவான், திண்ணை எப்போ காலியாகும் என்பார்களே, அந்த ரகம். பக்கத்து வீடு அவனுடையது. திராட்சைத் தோட்டம், பிக்கப் வண்டி, வாய் நிறைய "மதினி, மதினி". வஞ்சகன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. அண்ணன் சாவில் முன்னே நின்று எல்லாம் செய்தவன். செய்ததை யாரையும் மறக்க விடமாட்டான், அதுதான் கொடுமை.

"இடம் சும்மாதான கெடக்கு மதினி. எனக்குக் குடுத்துருங்க. புள்ள படிப்புக்கு ஆகும்."

"வித்தா ஒரு தடவ சோறு தம்பி. வாடகைக்கு விட்டா மாசாமாசம் சோறு."

வாடகைக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. விடியுமுன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் ராத்திரியெல்லாம் ரோட்டோரம்தான் நிற்கும். டீசல் திருடு போகும், பேட்டரி திருடு போகும். அவள் வருஷக்கணக்கில் ஏறிப்போன ஜீப்பின் டிரைவர் விஜய்பாண்டி கேட்டதுமே தலையாட்டினான். "நாலு வண்டி தாராளமா நிக்கும்க்கா. நான் கூட்டியாறேன்." திரிஷாவின் படிப்பு பாதியில் நிற்காமல் ஓட அது போதும். பாண்டீஸ்வரி ஆள் வைத்துக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினாள்.

இடம் சுத்தமான மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு வீட்டுக்கும் நடுவே, பின்பக்கம் போக இருந்த ஒரே வழியான சந்தில் இரண்டு கல்லுக்கால் நட்டிருந்தது. திராட்சைப் பந்தலுக்கு ஊன்றுகிற கல்லுக்கால். ஆள் நுழையலாம், ஆடு நுழையலாம். ஜீப்பு நுழையாது.

"சந்து என் பாகத்துல வருது மதினி, பத்திரத்தப் பாருங்க" என்றான் பேச்சிமுத்து. "பாதையில்லாத எடத்த வேற எவன் வாங்குவான்? நானா இருக்கப்போயி கேக்குறேன்."

பத்திரமும் அப்படித்தான் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள், "பேசித் தீத்துக்கங்கப்பா" என்று துண்டை உதறி எழுந்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாம், தீர்ப்பு வருவதற்குள் திரிஷா பேத்தி எடுத்துவிடுவாள்.  அன்று பாண்டீஸ்வரி அடுப்பே பற்றவைக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவாசலிலிருந்து பின்பக்கம் வரை நீண்ட கூடம். புருஷனும் அவளும் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டியது. அவன் படம் மாட்டியிருந்ததும் அங்கேதான். அந்தப் படத்துக்கு முன்னால் செருப்போடு யாரும் வந்ததில்லை. பேச்சிமுத்துகூட வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் நுழைவான்.

சாயங்காலம் விஜய்பாண்டியை வரச் சொன்னாள். "இந்தக் கூடத்து அகலத்த அளந்து பாரு. ஜீப்பு போகுமா?"

"என்னாக்கா சொல்றீக?"

"அளந்து பாருடா!"

கயிறு பிடித்து அளந்தான். கண்ணாடியை மடக்கினால் போகும்.

கொத்தனார் அம்மாவாசி கடப்பாரையைத் தொடவே மறுத்தார். "வெளக்கெரியுற வீட்ட இடிக்கச் சொல்றியே ஆத்தா. எனக்குப் பாவஞ் சேரும்."

பாண்டீஸ்வரி விளக்கை எடுத்து, கூடத்தை ஒட்டிய அடுப்படியில் வைத்தாள். புருஷன் படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, விளக்குக்கு மேலே மாட்டினாள். திரும்பி வந்து கடப்பாரையை எடுத்து, நிலைக்குப் பக்கத்துச் சுவரில் முதல் குத்தை அவளே குத்தினாள். கம்பி வைத்த இடுப்பு சுரீரென்றது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே இன்னொரு குத்துக் குத்தினாள்.

"ஏ, போதுந் தாயி, குடு இங்க" என்று அம்மாவாசி பிடுங்கிக்கொண்டார்.

கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெரு பேசியது. திரிஷா போனில் அழுதாள். "நான் வந்தா எங்கனம்மா படுக்குறது?"

"அடுப்படில எம் பக்கத்துல படு. நர்ஸான பெறகு மாடி கட்டிப் படு."

ஓடு இறங்கியது, சுவர் இறங்கியது, நிலை இறங்கியது. வாசற்படிக் கல்லை மட்டும், சக்கரம் ஏறத் தோதாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்கள். முதல் ஜீப்பு உள்ளே நுழைந்தபோது பாண்டீஸ்வரி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். உரசாமல் போனது. பெண்களும் அங்கேயே வந்து ஏறிக்கொண்டார்கள். அவளோடு காய் எடுத்த மொக்கம்மாள் ஜீப்புக்குள்ளிருந்து கத்துவாள்: "ஏத்தா, உன் வீட்டுக்குள்ள புகுந்துதான் மலையேறுறோம். ஒரு காப்பித்தண்ணி கெடையாதா?"

"அதுக்குத் தனி வாடகை!"

டீக்கடையில் பேச்சிமுத்துவின் தலை தெரிந்தாலே ஜனங்கள் கல்லுக்கால் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். போதாததற்கு, தெருவில் நின்ற அவன் பிக்கப்பில் ஒரு நாள் பேட்டரியைக் காணோம். அன்று மத்தியானமே சந்திலிருந்த கல்லுக்கால்கள் போய்விட்டன. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"கல்லப் புடுங்கிட்டேன் மதினி. ஊரே ஏசுது. ஜீப்பு சந்துல போகட்டும். கூடத்த நானே கட்டித் தாரேன்."

பாண்டீஸ்வரிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகத்தான் செய்தது. கூடம் திரும்ப வரும், படத்தைப் பழைய இடத்தில் மாட்டலாம்.

"நல்லது தம்பி. ஆனா சந்து உங்களுது. இன்னைக்குப் புடுங்குன கல்ல நாளைக்கு ஊண்டலாம். இங்கன வந்து ஒருத்தரும் ஊண்ட முடியாது."

அவன் பின்பக்கத்து இடத்தை எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "என் வண்டியயும் இங்கன விடலாமா?"

"கொண்டாங்க. எல்லாருக்கும் என்ன வாடகையோ, அதான்."

சாயங்காலம் பிக்கப்பைக் கொண்டுவந்து, அகலம் பார்க்க இறங்கினான். வாசற்படிக் கல்லுக்கு வந்ததும், பழக்க தோஷம், செருப்பைக் கழற்றினான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் படம் மாட்டியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெறுங்காலோடு அப்படியே நின்றான்.

"செருப்பப் போட்டுக்கங்க தம்பி" என்றாள் பாண்டீஸ்வரி. "இது வீடு இல்ல. பாதை."