வில்லங்கம் இல்லாத வீடு

"அம்மா, இந்தக் கோடைக்கு நம்ம வீடு எது?"

என் மகள் மாராவுக்கு அப்போது ஆறு வயது. பிப்ரவரி மாதம் ஒரு காலை, பள்ளிக்குப் போகும் வழியில், கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிக்கொண்டே கேட்டாள். கையுறை கழன்றதும் அவளே தொடர்ந்தாள். "பீப்பாய் வீடு வேண்டாம். அங்க மூக்கெல்லாம் புளிக்குது."

எங்கள் தீவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருஷம் என்பது ஒன்பது மாதம்தான். செப்டம்பரில் குடியேறலாம். ஜூன் பத்தாம் தேதி காலி செய்துவிட வேண்டும். கோடையில் அந்த அறைகள் கடல் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு. எங்கள் வீட்டுக்காரி கெட்டவள் அல்ல. நாங்கள் கிளம்பும்போது கண் கலங்குவாள். ஆனால் ஒன்பதாம் தேதியே திரைச்சீலை மாற்ற வந்துவிடுவாள். போன கோடையில் என் கணவர் வின்கோவின் அண்ணன் வீட்டு ஒயின் கிடங்கில், இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே கட்டில் போட்டுப் படுத்தோம். செப்டம்பரில் பள்ளியில் 'என் வீடு' என்று வரையச் சொன்னார்கள். மாரா பீப்பாய் வரைந்தாள்.

வின்கோ படகில் கயிறு கட்டுகிறவர். நான் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். வங்கி அந்த வருஷம்தான் முதல்முறையாக எங்களுக்குக் கடன் தருவதாகச் சொல்லியிருந்தது. கோயிலுக்குப் பின்னால் ஏறும் படிக்கட்டுத் தெருவில் ஒரு பழைய கல்வீடு விற்பனைக்கு வந்தது. விற்பவள் ஸ்லாவிட்சா, ரியேக்கா நகரத்தில் ஆசிரியை. அவளுடைய தாத்தா கெர்கோ காத்து வந்த வீடு. அவளுடைய அப்பாவும் போன பிறகு பூட்டியே கிடந்தது.

"மூணு வாரம் போதும்" என்றாள் ஸ்லாவிட்சா தொலைபேசியில். "சின்ன வீடு. என்ன இருக்கு அதுல?"

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பேசி முடித்தோம். மாரா அன்றே ஒரு நோட்டில் முதல் கோடு போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு கோடு என்று கணக்கு.

வக்கீல் டிங்கா நிலப் பதிவேட்டு நகலை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் ஊரில் ஒவ்வொரு சொத்துக்கும் மூன்று தாள்கள். முதல் தாளில் வீடும் மனையும். இரண்டாவதில் உரிமையாளர்கள். மூன்றாவதில் வில்லங்கம்.

"மூணாவது தாள் வெள்ளையா இருக்கு. வில்லங்கம் எதுவும் இல்ல. நல்ல வீடு" என்றார் டிங்கா. பிறகு இரண்டாவது தாளில் விரலை வைத்தார். "இங்க பாரு நெவென்கா. லூச்சேன்னு ஒருத்தர். பன்னிரண்டுல ஒரு பங்கு."

"யாரு அது?"

"பக்கத்து வீட்டு ஷிமேயோட அம்மா. செத்து முப்பது வருஷம் ஆச்சு."

"அப்போ மூணு வாரத்துல முடியாதா?"

டிங்கா கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட இருக்கறவங்ககிட்ட வாங்கினா ஒரு மாசம், ஒன்றரை மாசம். செத்தவங்களுக்கு ஏதும்மா அவசரம்?"

லூச்சே கெர்கோவின் தங்கை. அந்த வீட்டில் பிறந்து அடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். பங்கு காகிதத்தில் மட்டும் இருந்தது. அவருக்கு ஒரே மகன் ஷிமே மாமா, எழுபதைத் தாண்டியவர், தனி ஆள். அம்மாவின் பங்கை அவர் தன் பெயருக்கு மாற்றி, எங்களுக்கு விற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதில்லாமல் வங்கி ஒரு காசும் தராது. வழக்குப் போட்டுப் பங்கைப் பிரிக்கலாம்தான். அதற்கு நான்கு வருஷம் ஆகும் என்றார் டிங்கா.

"ஷிமேயா?" என்று மீன் கடையில் சிரித்தார்கள். "தெருவுக்குச் சாக்கடை போடக்கூடக் கையெழுத்துப் போடாத மனுஷன்."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வாரத்தில், உலர்ந்த அத்திப்பழம் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். ஷிமே மாமா மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு செய்தித்தாள்கள்.

"கையெழுத்தா? எனக்குப் பேனா பிடிக்கத் தெரியாதும்மா."

"தினம் ரெண்டு பேப்பர் படிக்கிறீங்களே மாமா."

"படிக்கறது கண்ணு. எழுதறதுதான் கை." ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தார். "ஈஸ்டர் முடியட்டும், பார்ப்போம். அத்திப்பழத்தை எடுத்துட்டுப் போ. என் பல்லு போயிடுச்சு."

அவர் பங்குக்கான விலையை எழுதி டிங்கா அனுப்பிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. இடையில் ஸ்லாவிட்சா கோபத்தில் தன் வக்கீலை விட்டு ஒரு மிரட்டல் கடிதம் போட்டாள். அதை ஷிமே மாமா கோழிக் கூண்டின் ஓட்டையில் அடைத்துவிட்டார்.

மாராவின் நோட்டில் ஐம்பது கோடு ஆகியிருந்தது. குருத்து ஞாயிறு பூசை முடிந்து, ஒலிவக் கிளையோடு அந்தத் தெரு வழியாக வந்தோம். ஷிமே மாமா வாசலில் நின்றிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே முற்றம். முற்றத்தில், விற்பனைக்கு வந்த வீட்டின் மழைநீர்த் தொட்டி, அதன் கல் வாயில் இரும்பு மூடி, மூடியில் துருப்பிடித்த பூட்டு. எங்கள் தீவில் ஊற்று கிடையாது. குழாய் வரும்வரை கூரைத் தண்ணீர்தான் குடிநீர்.

மாரா பூட்டை ஆட்டிப் பார்த்தாள். "மாமா, இதுக்கு எதுக்குப் பூட்டு? தண்ணிய யாராவது திருடுவாங்களா?"

"எங்கம்மா திருடுவாங்கன்னு பயந்து எங்க மாமன் போட்டது" என்றார் அவர்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு எட்டு வயதில், மே முதல் அக்டோபர் வரை ஒரு துளி மழை இல்லை. அவர்கள் வீட்டுத் தொட்டி பாசி தெரிய வற்றிவிட்டது. லூச்சே அண்ணன் வீட்டில் இரண்டு வாளி கேட்டார். மறுநாள் மூடியில் பூட்டு தொங்கியது. கேட்டதற்கு கெர்கோ, தன் தொட்டியும் வற்றிவிட்டது, பிள்ளைகள் விழாமலிருக்கப் பூட்டியிருக்கிறேன் என்றார். அம்மா தினமும் துறைமுகத்துக்கு இறங்கி, தண்ணீர்க் கப்பலுக்கு வரிசையில் நின்று, இரண்டு வாளியோடு நூற்றுப் பதினெட்டுப் படி ஏறினார்.

"வாளி உள்ள இறங்கற சத்தத்தை நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன். சொன்னா யாரும் நம்பல. கோயில் சாமியார்கூட நம்பல. மாமனைப் பத்திப் பொய் சொன்னேன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொன்னாரு. பண்ணேன். எட்டு வயசு." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "உன் மேல கோபம் இல்லம்மா. அந்த வீட்டுக்காரங்க யாராவது ஒருத்தர், ஆமா தண்ணி இருந்துச்சுன்னு சொல்லட்டும். அப்புறம் பேனா பிடிக்கலாம்."

ஸ்லாவிட்சாவிடம் சொன்னேன். "அந்த வருஷம் தொட்டி காஞ்சு கிடந்துச்சுன்னுதான் எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. மழை பெய்யாததுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம், கட்டில் நுழையுமா என்று அளக்க நானும் வின்கோவும் அந்த வீட்டுக்குள் போனோம். சமையலறையை ஒட்டிய சரக்கறைக் கதவை முழுக்கத் திறந்தபோது, அதன் உட்பக்கத்தில் பென்சில் எழுத்து வரிசையாக இருந்தது. வருஷம், மாதம், பக்கத்தில் குச்சிக்கோடுகள். தொட்டியில் கோல் விட்டுப் பார்த்து, எத்தனை சாண் தண்ணீர் என்று கெர்கோ குறித்து வைத்தது. நான் குனிந்து தேடினேன். ஷிமே மாமாவின் எட்டாவது வயது கதவின் கீழ்ப்பாதியில் இருந்தது. ஜூலை, பதினாறு சாண். ஆகஸ்ட், பதினாலு.

வின்கோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வெள்ளை அடிச்சிடுவோம்" என்றார் பிறகு.

"வின்கோ."

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் காட்டினா கிழவர் நிச்சயம் கையெழுத்துப் போடமாட்டாரு. யாராவது ஒத்துக்கிட்டாப் போதும்னாருதான், ஆனா கெர்கோ இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டான்னு தெரிஞ்சா யார்தான் போடுவா? ஸ்லாவிட்சாவும் அவமானப்பட்டு வீட்டை வேற ஆளுக்கு வித்துட்டுப் போவா. அப்புறம் பீப்பாய்தான்."

அவர் பயம் நியாயம்தான். அன்று முழுக்கப் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யோசித்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நான் மாவும் சர்க்கரையும் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும், சுண்ணாம்புக்கு அடியில் பதினாலு கோடு இருக்கும். எட்டு வயதுப் பையன் ஒருவன் செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பான். ஆண்டவர் நமக்கு ஒன்றைக் காட்டுவது மூடி வைப்பதற்காக இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

படம் எடுத்து ஸ்லாவிட்சாவுக்கு அனுப்பினேன். மறுநாள் ஷிமே மாமாவை அழைத்துப் போனேன்.

அறுபது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினார். தொப்பியைக் கழற்றினார். கண்ணாடி போட்டு, முழங்கால் மடக்கி, விரலால் ஒவ்வொரு கோடாக எண்ணினார். பதினாலு.

"நான் புது நன்மை வாங்கின வருஷம். கோயில்ல முதல் அப்பம்" என்றார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தன் வீட்டுக்குப் போய்விட்டார். வின்கோ என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு நாள் ஸ்லாவிட்சாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டாள். "அது தாத்தா எழுத்துதான். எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதித் தருவாரு. அந்த ஏழு அப்படித்தான் கால் நீட்டிக்கிட்டு இருக்கும்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வர்றேன்."

ஏப்ரல் கடைசியில் டிங்காவின் அறையில் உட்கார்ந்தோம். ஷிமே மாமா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்ததே எனக்கு நம்ப முடியவில்லை. ஸ்லாவிட்சா படகிலிருந்து நேராக வந்தாள், பையை இறக்கி வைக்காமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, தண்ணி இருந்துச்சு."

ஷிமே மாமா அவள் முகத்தையே பார்த்தார். "உக்காரும்மா. படகு ஆடுச்சா?" என்றார். பிறகு டிங்காவிடம் திரும்பினார். "பேனா எங்க? வக்கீல் வீட்டுல பேனாவுக்குக்கூடப் பஞ்சமா?"

கையெழுத்து ஆயிற்று. ஆனால் வீடு ஆகவில்லை. லூச்சேயின் பங்கு மகன் பெயருக்கு மாறும் தீர்ப்பு, அதற்கு மேல்முறையீட்டுக் கெடு, பதிவேட்டில் ஏற்றம், மதிப்பீட்டாளர் விடுப்பு, வங்கியில் ஒரு முத்திரை. ஜூன் ஒன்பதாம் தேதி வீட்டுக்காரி திரைச்சீலையோடு வந்து நின்றாள். எங்கள் மூட்டைகள் தெருவில் இருந்தன.

ஷிமே மாமா கைவண்டியோடு வந்தார். "எங்க வீட்டு மேல் அறை சும்மாதான் கிடக்கு. பீப்பாய் கிடையாது, சொல்லிட்டேன்."

"எத்தனை நாள் ஆகும்னு தெரியலையே மாமா" என்றேன்.

"நான் உன்னை ஈஸ்டர் வரைக்கும் அலைய விடலையா? போ, பெட்டியைத் தூக்கு."

மாரா அவர் கோழிகளுக்குப் பெயர் வைத்தாள். மிக மெலிந்த கோழிக்கு வக்கீல் டிங்காவின் பெயர். ஜூலை மூன்றாம் தேதி வங்கிப் பணம் போய்ச் சேர்ந்தது. ஸ்லாவிட்சா வந்து சாவியைக் கொடுத்தாள். பெரிய வாசல் சாவியோடு ஒரே கம்பியில் சின்னச் சாவி ஒன்றும் இருந்தது. "இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். டிங்கா புதிய நகலைத் தந்தார். இரண்டாம் தாளில் எங்கள் பெயர்கள். மூன்றாம் தாளில் வங்கிக் கடன் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

மாரா கோடுகளை எண்ணினாள். நூற்று நாற்பத்திரண்டு. இப்போதும் வீடு வாங்க எத்தனை நாள் ஆகும் என்று யாராவது கேட்டால் அந்த எண்ணைத்தான் சொல்கிறேன்.

குடியேறிய வாரம் ஒரு மதியம். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் பூனைகூட நடமாடாது. வின்கோ படகில். மாரா தூக்கத்தில். ஷிமே மாமாவின் சன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. சின்னச் சாவிக்கு எண்ணெய் போட்டுத் திருப்பினேன். மூன்றாவது முறை பூட்டு விட்டுக்கொடுத்தது. மூடியைத் தூக்கி, கயிற்றை மெதுவாக இறக்கினேன். தண்ணீர் குளிர்ந்து, தெளிவாக இருந்தது. இரண்டு வாளி நிரப்பினேன்.

கல்லறைத் தோட்டம் தெருவின் உச்சியில். இரண்டு இடத்தில் நின்று கை மாற்றிக்கொண்டேன். லூச்சேயின் கல்லின் தலைமாட்டில் ரோஸ்மேரிச் செடி ஒன்று, வெயிலில் சாம்பல் நிறமாக நின்றது. முதல் வாளியைக் கல்லின் மேல் ஊற்றித் தூசியைக் கழுவினேன். இரண்டாவதைச் செடியின் வேரில், மண் குடிக்கக் குடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு சின்ன ஜெபம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மாரா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். வாளிகளைக் கவிழ்த்து முற்றத்தில் காய வைத்தேன்.