முற்பகல் எழுந்து போனார்

தெருவுக்குத் தெரு ஆட்டம் வேறு. எங்கள் தெரு வண்டி வகையைச் சேர்ந்தது. அடுத்த தெரு வட்ட வகை. அங்கே சாலை நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். எந்த அணி அதற்குள் அதிக நேரம் நிற்கிறதோ அந்த அணியின் வீடுகளுக்குத் தண்ணீர் வரும். சந்தைப்பேட்டை கொடி வகை. கொடியைத் திருடுவதும் திருப்பிக் கொண்டுவருவதுமாகவே அவர்களுக்குக் காலம் ஓடுகிறது.

வண்டி வகையில் யாரும் வண்டியைத் தள்ள வேண்டியதில்லை. பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நின்றால் அது தானாகப் போகும். எதிரணி ஆள் வந்து நின்றால் நின்றுவிடும். யாருமே இல்லாவிட்டால் பின்னால் உருளும். இதில் புரியாமல்போக ஒன்றுமில்லை. எனக்கும் நன்றாகப் புரிந்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வண்டியில் என் அக்கா மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். மடியில் பணி நியமன ஆணை, பிளாஸ்டிக் உறைக்குள். பதிவு செய்து பத்தொன்பது வருடம் காத்திருந்து வந்த ஆணை. தெருக்கோடிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. முற்பகலில் சேர வேண்டும். தவறினால் ஆணை செல்லாது, மறுபடி பதிந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நடந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வண்டியில்தான் வந்து இறங்க வேண்டும்.

முற்பகல் என்பவர் பள்ளி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வழுக்கைத் தலை, கையில் டிபன் கேரியர். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து போய்விடுவார். ஆனால் எங்கள் ஆள் ஒருவர் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவரால் எழுந்திருக்க முடியாது. அதுவும் விதிதான்.

எங்கள் அணியில் நான்கு பேர். நான்காவது ஆள் வரவில்லை, ஃபோனையும் எடுக்கவில்லை. மீதி நான், ஓய்வுபெற்ற லைன்மேன் பாக்கியநாதன், தையல்கடை நூர்ஜஹான். நூர்ஜஹானிடம் துப்பாக்கி கிடையாது. ஒரு ஃபிளாஸ்க்தான். அடிபட்டவர்களுக்கு அதிலிருந்து சுக்குக் காபி ஊற்றிக் கொடுப்பார். உடனே எழுந்து நிற்கலாம்.

காலையிலிருந்து நான் ஏழு முறை செத்திருந்தேன். ஏழு முறையும் சுட்டவன் தண்டபாணி. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், இப்போது எதிரணி. செத்தால் தெருவின் தொடக்கத்தில் இருக்கும் அறைக்குப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கே ஒரு அம்மாள் படிவம் நிரப்புவார்.

"எங்க அடி?"

"முதுகுல."

"யாரு?"

"தண்டபாணி."

"தெரியும். வழக்கத்துக்குக் கேக்கணும்ல."

வேலை மிச்சமாகட்டும் என்று அடுத்த நான்கு வரிகளிலும் அவர் தண்டபாணி பெயரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று. பத்து எண்ணியதும் எழுந்து ஓடினேன்.

வண்டி பள்ளிக்குப் பன்னிரண்டடி தூரத்தில் வந்து நின்றபோது பெரிய சண்டை நடந்தது. எதிரணியில் மூன்று பேர் செத்தார்கள். எங்களில் இரண்டு பேர். நூர்ஜஹான் முதலில். பாக்கியநாதன் என் காலடியில் விழுந்தார்.

"போய்ட்டு வந்துர்றேன் தம்பி," என்றார். "வண்டிய மட்டும் விட்றாத."

"நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்குறேன்," என்றேன்.

அவர் நிம்மதியாகச் செத்தார்.

மணி பன்னிரண்டு அடித்தது. முற்பகல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. என் கை வண்டியில் இருந்தது. ஒருவர் மட்டும் நின்றால் வண்டி மெதுவாகத்தான் போகும். பத்தடி. எட்டடி. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐந்தடி.

அப்போது எதிர்ச்சந்தின் முனையில் தண்டபாணி வந்து நின்றான். என்னைக் குறிபார்த்து அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. தோட்டா தீர்ந்துவிட்டது. துப்பாக்கியை உதறிப் பார்த்தான். பிறகு என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் திரும்பி நடந்தான். அவன் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சட்டையில் வியர்வை படிந்திருந்தது.

அவனால் எங்களுக்கு இனி ஒரு ஆபத்தும் இல்லை. நான் வண்டியிலிருந்து கையை எடுத்தேன்.

சந்துக்குள் நான் ஓரடி வைத்தால் சந்து பத்தடி நீண்டது. வீடுகள் கூடிக்கொண்டே போயின. ஒரே நைட்டி எல்லா வீட்டுக் கொடியிலும் காய்ந்தது. தண்டபாணி சின்னதாகிக்கொண்டே போனான். இவ்வளவு தூரத்தில் இவ்வளவு சின்ன ஆளை அடித்தால் ஊரே பேசும் என்று தோன்றியது. உண்மையில் அது மட்டும்தான் தோன்றியது. ஒரு இடத்தில் நின்றேன். பிறகு சுட்டேன்.

விழுந்தான்.

நான் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வண்டி தெருவின் பாதிக்குப் பின்னால் போயிருந்தது. அக்கா ஆணையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள். புதிதாக ஒரு அம்மாள் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவர்தான் பிற்பகல்.

"ரெண்டு நிமிஷம்தாங்க," என்றாள் அக்கா.

"இதுல முற்பகல்னு போட்டிருக்கேம்மா."

"அவரக் கூப்பிட முடியாதுங்களா?"

"அவரு நாளைக்குதான் வருவாரு. அது வேற முற்பகல்."

பிற்பகல் நல்ல பெண்மணி. அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆணையை வாங்கி நான்காகக் கிழித்து, துண்டுகளை அதே உறைக்குள் ஒழுங்காகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அக்காவிடம் போனேன்.  நானாகத்தான் சொன்னேன்.

"சந்துக்குள்ள ரெண்டு மூணு பேரு இருந்தாங்கக்கா. வண்டிக்கு வந்துருவாங்கன்னுதான் போனேன். வண்டி உருள்றது எனக்குத் தெரியவே தெரியாது. திரும்பியே பாக்கல."

"போடா," என்றாள். "தெரிஞ்சா விட்ருவியா நீ."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். வண்டியை விட்டதைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

ஆட்டம் முடிந்து இருட்டியதும் அன்றைய சிறந்த காட்சியைப் பள்ளி மைதானத்தில் திரை கட்டிப் போடுவார்கள். ஜெயித்தவர், தோற்றவர் என்ற பேதமில்லை. இரண்டு அணிகளும் வந்து தரையில் உட்கார்ந்தன. செத்தவர்களும் வந்துவிட்டார்கள். பாக்கியநாதன் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள்.

நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைத்துப் பயனில்லை. அக்காவின் ஆணை கிழிந்து அரைநாள்கூட ஆகவில்லை, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சுட்டவரின் கண்ணிலிருந்துதான் படம் ஓடும். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு விளக்கை அணைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரையில் சந்து நீண்டது. நைட்டிகள் கடந்தன. தூரத்தில் தண்டபாணி. படம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது. சந்து முனையில் தெரு தெரிந்தது. வண்டி பின்னால் உருண்டுகொண்டிருந்தது. அக்கா இறங்கி இரண்டு கையாலும் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏற்றிவரப்படுகிறவர் கணக்கில் சேர மாட்டார், அதனால் வண்டி அவளையும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு கையை எடுத்து ஆணையை உயர்த்தி ஆட்டினாள். சத்தம் இல்லை. வாய் என் பெயரைச் சொல்வது தெளிவாகத் தெரிந்தது.

அவளுக்கு அப்பால் முற்பகல் பாதி எழுந்து, குனிந்த நிலையில், நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துகொள்ளட்டுமா என்று கேட்கிற முகம். மனிதர் இன்னும் காத்திருந்தார்.

படம் அவளை ஐந்து எண்ணும்வரை பார்த்தது. பிறகு தண்டபாணி பக்கம் திரும்பிக் குறிபார்த்தது.

மைதானம் அதிர்ந்தது. விசில் பறந்தது. தண்டபாணியே எழுந்து நின்று கைதட்டினான்.

"இன்னொரு தரம் போடுங்கப்பா!" என்றார் யாரோ.

மெதுவாக ஓடவிட்டார்கள். ஐந்து எண்ணியது இப்போது முப்பது எண்ண வேண்டியிருந்தது. பாக்கியநாதன் என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா கடைசிவரை திரையையே பார்த்தாள். பாடம் கவனிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பதக்கத்தை உடன்பிறந்தவர்கள்தான் குத்திவிட வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். அக்கா மேடை ஏறினாள். ஊசி என் மார்பில் படாமல் இருக்கச் சட்டைக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டு குத்தினாள்.

"அக்கா," என்றேன்.

"அசையாத. குத்திரும்."

கைதட்டினார்கள். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு நடந்தேன். பதிவு வரிசை ஊரையே சுற்றி வந்து எங்கள் வீட்டு வாசலில் முடிந்தது. கடைசி ஆளாக அக்கா நின்றிருந்தாள், வாசற்படியை அடைத்துக்கொண்டு.

"கொஞ்சம் தள்ளிக்கோக்கா," என்றேன்.

"நகந்தா எடம் போயிரும்டா."

நான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன். பதக்கம் அவள் புடவையில் மாட்டி இழுத்தது. திரும்பாமலே கையைப் பின்னால் விட்டு அதை எடுத்துவிட்டாள்.

"உள்ள சோறு வடிச்சு வச்சிருக்கேன்," என்றாள். "போட்டுச் சாப்பிடு."

எனக்கு நல்ல பசி. போட்டுச் சாப்பிட்டேன்.