மாதுவின் குரலும் கோவிந்தம்மாளின் கழுத்தும்

கடத்தூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மாதுவின் குரல், அவன் பேசி முடித்து ஓர் உலைச் சோறு வேகும் நேரம் கழித்தே கேட்கத் தொடங்கியது. பேசும்போது உதடு மட்டும் அசையும். பிறகு, எந்த இடத்தில் நின்று பேசினானோ அந்த இடத்திலேயே, அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொற்கள் வரிசை பிசகாமல் வந்து விழும். அந்த ஆண்டு தக்காளிக்கு விலையில்லை, கோடை மழையும் தாமதம். அவற்றோடு இதுவும் சேர்ந்தது. அரூர் சந்தையில் அவன் தன் தக்காளிக்கு வியாபாரியிடம் சொன்ன விலை, வியாபாரி வேறொருவர் சரக்கை ஏற்றிக்கொண்டு போன பிறகு காலி இடத்தில் ஒலித்தது. அவன் மனைவி கோவிந்தம்மாள், சோறு போதுமா என்று கேட்பதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டாள். போதும் என்ற பதில் வரும்போது அவள் சட்டி பானை கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

செய்தி பரவியது. சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் டாக்டர்கள் வந்தார்கள். தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், அவனை வரப்பில் நிறுத்திப் பேசவிட்டு, குரல் வரும்வரை குடை பிடித்துக் காத்திருந்தார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத நோய் என்று அவர்கள் சொன்னதும் ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. மாது புதுச்சட்டை தைத்துக்கொண்டான். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது கோவிந்தம்மாள். தெருவே குடிக்கும் தங்கள் போர்வெல் தண்ணீரை அவள் குடம் குடமாகச் சுமந்தாள். அவளால் கழுத்தைத் திருப்ப முடியாமல் போய் வருஷங்கள் ஆகியிருந்தன, முதுகும் பலகையாகிவிட்டது. மாதுவின் குரல் உடனுக்குடன் வந்த காலத்தில் ஒருமுறை அதைச் சொன்னாள். "வேலை செய்யற உடம்புன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவன் மோட்டார் போடப் போய்விட்டான்.

வந்த டாக்டர்களில் இளையவரான கலைமதி ஒருநாள் சர்க்கரை கேட்பதற்காக, "அக்கா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். கோவிந்தம்மாள் டீத்தட்டோடு மொத்த உடம்பையும் சுற்றித் திரும்பினாள். கலைமதி தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"தாடையால நெஞ்சைத் தொடுங்கக்கா."

"ஆவாதுங்க."

"குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடுங்க."

"அது எந்தக் காலத்துலயோ போச்சுங்க. என்னை எதுக்குப் பாக்கறீங்க? நோயாளி அங்க வரப்புல நிக்கறாருங்க."

கோவிந்தம்மாளின் மகள் சோபனா சிரிப்பு வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டாள். கலைமதி அந்தக் கையை விலக்கிப் பார்த்தார், பற்களில் பழுப்புக் கோடுகள். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே. போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. பாறையிலிருந்து கரைந்து வரும் அது பல்லில் கறையாகிறது, எலும்பில் ஏறி மூட்டை இறுக்குகிறது என்று கலைமதி கோவில் முன்னால் ஊரைக் கூட்டிச் சொன்னார். முற்றியதைத் திருப்ப மருந்தில்லை. ஆனால் வராமல் தடுக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் தெருமுனைக் குழாயில் வரும் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீரை எடுத்தால் போதும், பிள்ளைகளுக்குப் பாலும் கீரையும் நெல்லிக்காயும் கொடுங்கள் என்றார்.

"எல்லாருக்கும் இருக்கறதுதானேம்மா, இதுக்கா கூட்டம்?" என்றான் மாதுவின் பங்காளி பச்சியப்பன். "குழாத் தண்ணி மருந்து வாடை அடிக்குது. டீ நல்லால்ல. வேணும்னா போர் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சிக்கறோம்."

"காய்ச்சினா தண்ணிதாங்க சுண்டும். அது போகாது, இன்னும் கெட்டியாத்தான் ஆகும்."

கூட்டம் கொட்டாவி விட்டது. மாதுவுக்கு வந்தது மற்றவர்களுக்கு வராமல் தடுக்க என்ன வழி என்று யாரோ கேட்டார்கள். அதற்கு மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அது உங்க யாருக்கும் வராது!" கலைமதி மேசையைத் தட்டினார். "இது எல்லாருக்கும் வந்தாச்சு!"

பேசுகிற ஒவ்வொருவரையும் பார்க்க முழு உடம்பாகத் திரும்பித் திரும்பிக் கோவிந்தம்மாளுக்கு அலுத்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் அரிவாளை எடுத்துப் போய், போர்வெல்லிலிருந்து தெருவுக்கு வரும் குழாயை வெட்டி, தண்ணீர் மொத்தத்தையும் தக்காளிக்குத் திருப்பிவிட்டாள்.

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" என்று குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுச் செல்லி கத்தினாள்.

"எங்கழுத்து போச்சு. எம்பொண்ணு வாயத் தொறந்து சிரிக்கறதில்ல. எஞ்சின்னப் பையன் பூவரசனுக்கு இன்னும் பால் பல்லே வுழுவல, அவனையாச்சும் வுடுங்க. தெருமுனையில குழா இருக்குது. போயிப் புடிங்க."

மாது ஓடி வந்தான். கை பறந்தது, உதடு அடித்துக்கொண்டது, ஒரு சத்தமும் இல்லை. அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். வசவு வந்து சேர்ந்தபோது அங்கே வெட்டுப்பட்ட குழாயும், மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசுவும், மாதுவும் மட்டும் இருந்தார்கள். பசு காதை ஆட்டியது. தன் வசவை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை மாது நின்று கேட்க வேண்டியதாயிற்று. நடுவில், "உங்கழுத்துக்கு என்னாடி கேடு, திங்கறதும் தூங்கறதும்தானே" என்று ஒரு வரி வந்தது. அதைக் கேட்டவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். வெட்டிய குழாயை அவன் ஒட்டவில்லை.

ஊர் முனகிக்கொண்டே மாறியது. பச்சியப்பன் டீக்கு மட்டும் வயலில் போய்த் திருட்டுத்தனமாகப் பிடித்து வந்தான். பேரன் பல்லில் கோடு விழுந்த பிறகு அதையும் விட்டான். பூவரசனுக்கு வெள்ளைப் பல் முளைத்தது. சோபனாவின் கறை போகவில்லை. கோவிந்தம்மாளுக்கு வலி கொஞ்சம் தணிந்தது, கழுத்து திரும்பவில்லை. மாதுவின் நோய்க்குக் காரணம் கிடைக்காததால் டாக்டர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

குரல் இன்றும் பிந்தித்தான் வருகிறது. அவள் மாட்டுக்கொட்டகையில் இருக்கும்போது மாது அடுப்படியில் நின்று பேசிவிட்டு வயலுக்குப் போகிறான். அவள் தெருமுனை போய், தண்ணீர் பிடித்து, மூச்சு வாங்க வந்து குடத்தை இறக்கும்போது அந்தக் குரல் ஒலிக்கிறது.

"கழுத்து எப்படி இருக்குது? நீ தண்ணிக்குப் போவாத. நான் வந்து எடுத்தாறேன்."

"இப்பச் சொல்லுங்க" என்று காலி அடுப்படியைப் பார்த்துச் சலித்துக்கொண்டு, கோவிந்தம்மாள் வெங்காயம் உரிக்கிறாள்.